ஒரு தலைவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவர் பிம்பத்தை மாற்றுமா?

மாற்றும், ஆனால் கேமராவுக்காகச் சாப்பிட்டால் பல நேரம் அது எதிராகத்தான் திரும்பும். 1976இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு ஓட்டுக் கேட்கப் போன அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, அங்கே கொடுத்த தமாலே என்ற மெக்சிகோ பண்டத்தை மேலே சுற்றியிருந்த மக்காச்சோளத் தோலோடு அப்படியே கடித்துவிட்டார். தோலை உரித்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் நம்ம ஆள் இல்லை என்று காட்ட அந்த ஒரு கடி போதாதா? (அந்த மாநிலத்தில் தோற்றும் போனார், ஆனால் பழியைத் தமாலே மேல் போடுவது அநியாயம்.)

கொள்கையும் தட்டும் மோதும்போதுதான் சேதம் பெரிது. 1990இல் மாடுகளின் மூளையைத் தாக்கும் பைத்திய மாட்டு நோய் பற்றிப் பீதி கிளம்பியபோது, பிரிட்டன் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட, தன் சின்ன மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டிப் படம் பிடிக்க விட்டார். 1996இல் அரசே அந்த நோய்க்கும் மனிதர்களுக்கு வந்த ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அந்தப் படம் அவரை விடவே இல்லை.

சரி, நல்லபடியாக முடிந்ததே இல்லையா? 1965இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது வாரம் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்க்கச் சொன்ன லால் பகதூர் சாஸ்திரி, அதை முதலில் தன் வீட்டிலேயே செய்து பார்த்தார் என்பார்கள்.