அண்ணனின் மறதிக்கு டோனெபெசில் சேர்க்கலாமா? – பதில்

அண்ணன் மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறார், காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, ஆனால் கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்து நிற்கிறார். முதியோர் மறதிக்குத் தரும் டோனெபெசிலையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த யோசனை ஆய்வாளர்களுக்கும் வந்ததுதான். மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலின் என்ற பொருள் கூடினால் நினைவும் கவனமும் தேறும் என்ற நம்பிக்கையில், அதைக் கூட்டும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலாண்டமின் ஆகியவற்றைத் தனித்தனியே இந்த நோயாளிகளின் வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சில சிறிய ஆய்வுகள் ஆசை காட்டின. 2008இல் வெளியான, சுமார் 250 பேரிடம் 12 வாரம் நடந்த டோனெபெசில் ஆய்வில் வெற்று மாத்திரையைவிட எந்தப் பயனும் தெரியவில்லை.

நீங்கள் எழுதியிருந்த மருந்துப் பட்டியலில் என் கண் நின்றது வேறோர் இடத்தில்: ட்ரைஹெக்சிபெனிடில் 2 மி.கி., காலையும் இரவும். கை நடுக்கத்துக்காகத் தருவது. அது அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. மறதியை அதுவே கூட்டக்கூடும். அதை வைத்துக்கொண்டு டோனெபெசிலும் கொடுப்பது, மடையைத் திறந்துவிட்டு வாய்க்காலை அடைப்பது போலத்தான்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நடுக்கமும் இறுக்கமும் திரும்பலாம். இது இன்னும் தேவையா, படிப்படியாகக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மனச்சிதைவுக்காக 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்–ட்ரோஸ்பியம் கூட்டு மருந்தைப் பற்றியும் கேட்டீர்கள். அது தனியாகக் கொடுத்தபோது பலன் தந்தது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தோடு சேர்த்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. ஆய்வுக்கு முன்பே வகுத்திருந்த முதன்மை இலக்கை அது எட்டவில்லை.

மருத்துவரிடம் போகும்போது அண்ணனுக்கு வாய் உலர்தல், மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரைஹெக்சிபெனிடில் அவற்றையும் உண்டாக்கும்.