பதில்: தொண்டியில் இரவானால் படுத்துவிடும் இணையம்

நண்பரே, இரவு எட்டு மணிக்குமேல் தெருவே முடங்கியும் நிறுவனம் உங்கள் ரௌட்டர்மீது பழி போடுகிறது, குழு சேர்த்தும் பயனில்லை என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் திட்டித் தீர்த்தால் ஆறுதல்தான் மிஞ்சும்.

முதலில் வீட்டு இணையப் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். (சிக்னல் இழப்பைக் காட்டும் விளக்கு) சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை. அது எரியாமல், எல்லார் வீட்டிலும் இரவில் மட்டும் வேகம் சரிந்தால், பெரும்பாலும் நிறுவனத்தின் பொதுத் தடத்தில் நெரிசல். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில், வைஃபை இல்லாமல் கேபிள் செருகி அளந்து, ஒரே தாளில் எழுதுங்கள். வீட்டுக்கு வீடு புகார் எண் கட்டாயம். தீராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிப்பட்ட புகார்களை விசாரிப்பதில்லை.

லைன்மேனிடம் மட்டும் சண்டை வேண்டாம். உப்புக்காற்றில் கம்பம் ஏறுகிறவர் அவர். எந்தப் பெட்டி துருப்பிடித்திருக்கிறது என்று அவரே சொல்வார்.