மீட்டிங்கில் எதிர்பாராத கேள்வி வந்தால் மண்டை காலியாகிவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். தயார் செய்துகொண்டு போனதை நன்றாகவே பேசிவிடுவேன். நடுவில் யாராவது வேறு எதையாவது கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறேன். இம்ப்ரோவ் பயிற்சி உதவும் என்கிறார் தோழி. நாடகக்காரர்கள் வித்தை எனக்கு எதற்கு?

பதில்: பயப்படாதீர்கள், மேடை ஏறச் சொல்லமாட்டேன். எழுதிவைத்த வசனம் இல்லாமல், அந்த நேரத்தில் கிடைப்பதை வைத்தே நடிப்பதுதான் இம்ப்ரோவ். ஆனால் அது நடிகர்களோடு நின்றுவிடவில்லை. 1930களின் இறுதியில் சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்பவர் வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை வைத்து நடத்திய விளையாட்டுகள்தான் இதற்கு அடித்தளம். அவர் மகன் பால் சில்ஸ் நண்பர்களோடு சேர்ந்து 1959ல் ஆரம்பித்த செகண்ட் சிட்டி குழு இதை மேடையில் பிரபலமாக்கியது. அப்புறம் நடிகர் ஆலன் ஆல்டா, விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசவேண்டும் என்று, இதே விளையாட்டுகளை அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் சிக்கல் கேட்பதில்தான் இருக்கிறது. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே உங்கள் மனம் பதிலைத் தேடிக் கிளம்பிவிடுகிறது, பாதிக் கேள்விதான் காதில் விழுந்திருக்கும், மீதியை நீங்களே ஊகித்துக்கொண்டு பயந்து நிற்கிறீர்கள். தமிழில் 'முடியும்', 'முடியாது' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தானே வருகிறது!

இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. வீட்டில் யாரோடாவது உட்கார்ந்து, அவர் சொன்ன கடைசிச் சொல்லில் உங்கள் வாக்கியத்தைத் தொடங்குங்கள், அந்தாதி மாதிரி. "கேஸ் இன்னும் வரல." "வரலன்னா புக் பண்ணீங்களா?" "பண்ணேன், மெசேஜ்தான் வரல." இப்படியே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முதலில் சிரிப்பாக வரும். ஆனால் கடைசிச் சொல் வரும்வரை பதிலை யோசிக்கவே வழி இல்லை, அதுதான் பயிற்சி.

அடுத்தது, எதிராளி சொன்னதை ஏற்று அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. ஏற்பது என்றால் தலையாட்டுவது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். "வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வேண்டும்" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் நிற்கிறார். "முடியாது சார்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "வெள்ளிக்கிழமை லைன் ஓடணும், புரியுது சார். அன்னைக்குக் குறைஞ்சது எத்தனை பீஸ் இருந்தா ஓடும்?" என்று கேளுங்கள், அவரும் உங்களோடு சேர்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். எதற்கும் நீங்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்லவேண்டும் என்ற ஆசைதான் வாயை அடைக்கிறது. கீத் ஜான்ஸ்டன் என்ற பெரிய இம்ப்ரோவ் ஆசிரியர் தன் மாணவர்களிடம் கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொன்னாலே போதும் என்பார். "இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை, இப்போதைக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்" என்பதும் நல்ல பதில்தான்.

ஒன்று மட்டும். நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவதற்காகவே கேள்வி கேட்கிற ஆள் என்றால் எந்த விளையாட்டும் உதவாது, அதை மேலிடத்தில்தான் பேசவேண்டும். விலை, டெலிவரி தேதி, தரச் சான்று இந்த மூன்றிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். "ஃபைலைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குள் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள்.