தடோபாவில் புலி பார்க்க: வாசகர் கேள்வி – பதில்

மே விடுமுறையில் குடும்பத்தோடு தடோபா போகலாமா? வெயிலை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.
– ஈரோடு வாசகி

புலிதான் முக்கியம் என்றால் மே மாதமே சரி. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் இருக்கும் இது தேக்கும் மூங்கிலும் மண்டிய இலையுதிர் காடு. கோடையில் இலை கொட்டி, பார்வை வெகுதூரம் போகும். ஓடைகள் வற்றுவதால் மிஞ்சிய குட்டைகளுக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். புலி பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி நெடுநேரம் கிடக்கும்.

ஆனால் வெயில் 45 டிகிரியைத் தொடும். சஃபாரிக்குப் போகும் திறந்த ஜிப்ஸி ஜீப்பில் நிழல் இல்லை. சிறு பிள்ளைகளுக்குக் காலை சஃபாரி மட்டும் போதும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், நனைத்துச் சுற்றிக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு கட்டாயம். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போகலாம். புரசு பூத்திருக்கும், இலுப்பைப் பூ உதிரத் தொடங்கினால் கரடியும் வரும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது? பதிவு எப்படி?
– தாம்பரம் வாசகர்

நாக்பூர்வரை போக வேண்டியதில்லை. சென்னை–டெல்லி ரயில் பாதையிலேயே பல்லார்ஷாவும் சந்திரபூரும் இருக்கின்றன. அங்கிருந்து காட்டின் நுழைவாயில்களில் ஒன்றான மோஹர்லிக்குக் காரில் போவது பக்கம். கோலாரா, நவேகாவ் வாயில்களுக்குத்தான் நாக்பூர் வசதி.

பலர் அறையை முதலில் பிடித்துவிட்டு அனுமதிச் சீட்டு தேடுகிறார்கள். சீட்டு வாயில்வாரியாகத்தான் கிடைக்கும். ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை சுற்று அதிகம். வனத்துறை இணையதளத்தில் சீட்டு எடுத்த பிறகு அந்த வாயிலருகே அறை தேடுங்கள். ஒரு ஜிப்ஸியில் 6 பயணிகள். செவ்வாய் விடுமுறை. நம் ஊர் இனிஷியல் தொல்லை இங்கேயும் உண்டு: அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள், அசல் அட்டையைக் கொண்டுபோங்கள். மையப் பகுதிக்குள் (காப்பகத்தின் உட்காடு, 'கோர்') செல்போனுக்குத் தடை, ஆகவே தனி கேமரா வேண்டும்.

வழிகாட்டி அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். காசு வீண்தானே?
– மதுரை வாசகர்

இல்லை, நல்ல வழிகாட்டி கிடைத்திருக்கிறார். புலியைக் காதால்தான் தேட வேண்டும். எஞ்சின் ஓடினால் எதுவும் கேட்காது.

புள்ளிமான் சிறுத்தைக்கும் கத்தும், செந்நாய்க்கும் கத்தும். ஒருமுறை கத்தி ஓய்ந்தால் பொருட்படுத்த வேண்டாம். மரத்து மந்தி இருமுவதுபோல் குரல் கொடுத்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். கடமான் வாலைத் தூக்கி, காலைத் தரையில் உதைத்து 'டாங்க்' என்று விடாமல் அலறினால் பெரும்பாலும் புலியோ சிறுத்தையோதான். குரல் இடம் மாறிக்கொண்டே வந்தால் புலி நடக்கிறது. அப்போது குரல் கேட்ட இடத்துக்கு ஓடாமல், அது பாதையைக் கடக்கப்போகும் இடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். குரல் நின்றுபோனால் படுத்திருக்கலாம். இருபது நிமிடம் பொறுங்கள். பாதையில் டயர் தடத்தின்மேல் காலடித் தடம் பதிந்திருந்தால், கடைசி வண்டிக்குப் பிறகுதான் போயிருக்கிறது.

பயணிகள் முணுமுணுப்பார்கள் என்று பயந்தே பல ஓட்டுநர்கள் சும்மா சுற்றுகிறார்கள். 'ருக்கியே, கோயி ஜல்தி நஹீ' (நில்லுங்கள், அவசரமில்லை) என்று நீங்களே இந்தியில் சொல்லிவிடுங்கள்.

ஜூலையில் போனால்?
– கோவை வாசகி

ஜூலை முதல் செப்டம்பர்வரை மையப் பகுதி மூடியிருக்கும். அகர்ஜரி, ஜுனோனா போன்ற புறப்பகுதி (மையத்தைச் சுற்றியுள்ள 'பஃபர்' காடு) வாயில்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் புலி உண்டு. பலத்த மழை பெய்தால் மண்பாதையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் கூடுதலாக ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள்.