ஒரு டாலர் அறுபது சென்ட்டுக்கு ஒரு தோல்வி

கேள்வி: நூறு மைல், இருநூறு மைல் என்று நாள் கணக்கில் தூங்காமல் ஓடி, கால் நகம் கழன்று, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும் நிலைக்கு வந்த பிறகும் அல்ட்ரா மாரத்தான் ஓட்டக்காரர்கள் அதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உடலை வதைப்பது போதாதென்று அதைக் கேலிக்கூத்தாகவும் ஆக்க வேண்டுமா? விளையாட்டுக்கென்று ஒரு கண்ணியம் இல்லையா?

பதில்: மேடையும் மாலையும் பதக்கமும்தான் கண்ணியம் என்றால், அது அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பு என்பது அந்த ஓட்டங்களின் மீது யாரோ பிற்பாடு பூசிய சாயம் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தவறுகிறீர்கள். உங்கள் கோபத்துக்கு முழுத் தகுதியுடைய பார்க்லி மாரத்தான் பிறந்ததே ஒரு நையாண்டியில்தான்.

மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே, 1977இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள பிரஷி மவுண்டன் சிறையிலிருந்து தப்பினார். இரண்டு நாளுக்கும் மேலாக மலைக்காட்டில் அலைந்து திரிந்தும், பிடிபட்டபோது சிறையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவைத்தான் கடந்திருந்தார். அவ்வளவு நேரத்தில் தாம் நூறு மைலாவது போயிருக்கலாம் என்று கேரி கேன்ட்ரெல் என்ற ஓட்டக்காரர் கிண்டலடித்தார். பிறகு 1986இல் ஒரு நண்பருடன் சேர்ந்து அந்தக் கிண்டலையே பந்தயமாக்கினார். இன்று அது 60 மணி நேரத்துக்குள் ஐந்து சுற்று. மொத்த ஏற்றம் எவரெஸ்ட்டின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அதன் சடங்குகளைக் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர் அறுபது சென்ட். தம்மை ஏன் ஓட அனுமதிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானவருக்கு வருவது வாழ்த்துக் கடிதமன்று, இரங்கல் கடிதம். புதிதாக வருபவர் தம் ஊர் வண்டியின் எண் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எப்போது தொடங்கும் என்று யாருக்கும் சொல்வதில்லை. திடீரென்று ஒரு சங்கு ஊதினால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று பொருள். (சங்கு ஊதுவதற்கு நம் பேச்சில் உள்ள பொருளும் அங்கே பொருந்தத்தான் செய்கிறது.) கேன்ட்ரெல் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கும் கணத்தில் ஓட்டம் தொடங்குகிறது. முதல் சுற்றைக்கூட முடிக்க மாட்டார் என்று அவர் கணிக்கும் ஒருவருக்கு எண் 1 வழங்கப்படுகிறது. அவருக்கு 'நரபலி' என்று பெயர்.

வழியில் கண்காணிப்பாளர்கள் நிற்பதில்லை. காட்டுக்குள் ஆங்காங்கே புத்தகங்களை ஒளித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் சாவையோ தோல்வியையோ தலைப்பிலேயே தாங்கிய புத்தகங்கள். இரண்டாம் இரவில், மழையில் விறைத்துப்போன விரல்களோடு ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, தம் எண்ணுக்குரிய பக்கத்தைச் சரியாகப் பார்த்துக் கிழித்து, நனையாமல் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மலைக்கு நடக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் அந்தச் சுற்று செல்லாது. விலகித் திரும்புபவருக்காக முகாமில், ராணுவத்தினரின் இறுதிச் சடங்கில் ஒலிக்கும் மெட்டை எக்காளத்தில் வாசிக்கிறார்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், 2024 வரை, அதை முழுவதும் முடித்தவர்கள் 20 பேர்தான். 2025இல் ஒருவர்கூட இல்லை. வருகிறவர்களில் அநேகமாக எல்லாருமே தோற்கப் போகும் ஓர் இடத்தில், நீங்கள் கேட்கும் கண்ணியத்தை விறைப்பாக நிறுத்தி வைத்தால், தோற்றவர் எந்த முகத்தோடு திரும்பி வருவார்? அமைப்பாளர் முன்கூட்டியே எல்லாரையும் கேலி செய்துவிடுவதால், தனியாக ஒருவர் அவமானப்பட அங்கே எதுவும் மிச்சமிருப்பதில்லை. 2006இல் 75 வயதுக்காரர் ஒருவர் வழி தவறி, பந்தயப் பாதையில் இரண்டு மைலைக் கடந்து திரும்பி வர 32 மணி நேரம் ஆயிற்று. வேறெங்கேனும் இது மறைக்க வேண்டிய செய்தியாகியிருக்கும். பார்க்லியில் அது ஒரு சாதனையாகவே இன்றுவரை கொண்டாடப்படுகிறது. 2017இல் ஜான் கெல்லி வெற்றிகரமாக முடித்து வந்தபோது குளிருக்காக உடம்பில் மாட்டியிருந்தது வழியில் கண்டெடுத்த ஒரு பிளாஸ்டிக் பையை. அதே ஆண்டு கேரி ராபின்ஸ் கெடுவைத் தாண்டி ஆறே விநாடி தாமதமாக, அதுவும் வழி தவறித் தவறான திசையிலிருந்து வந்து சேர்ந்தார். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேன்ட்ரெலின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடக் குறும்பானது. ஒவ்வொரு மணி நேரமும் 6.7 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒரே ஒருவர் எஞ்சும்வரை நிறுத்தமில்லை. அந்த ஒருவரைத் தவிர அனைவரும், எவ்வளவு ஓடியிருந்தாலும், 'முடிக்காதவர்' என்றே பதிவாவார்கள். 2023இல் ஹார்வி லூயிஸ் 108 சுற்று ஓடி வென்றார். 107 சுற்று, அதாவது 700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிய இஹோர் வெரிஸ், முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டவருக்குச் சமமாக 'முடிக்காதவர்' ஆனார். விதியே இப்படிப் பகடி செய்யும்போது அழுது என்ன பயன்? அடுத்த மார்ச்சில் பார்க்லிக்கு வந்து அந்த ஆண்டின் முதல் ஆளாக ஐந்து சுற்றையும் முடித்தவர் அதே வெரிஸ்தான்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் காற்றும் மழையும் குளிரும் தாக்கி 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலங்கி அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. உங்கள் கண்டனத்தை அங்கே அனுப்புங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். அந்த 21 பேரைக் கொன்றது யாருடைய சிரிப்பும் அன்று.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் கடிதத்தில் நல்ல சூடு இருக்கிறது. சற்றே திருத்தினால் பார்க்லி விண்ணப்பக் கட்டுரையாகவே அனுப்பிவிடலாம். இரங்கல் கடிதம் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள். எண் 1 உங்களுக்கே கிடைக்கும் என்று நம்புகிறேன்.