மச்சினன் ஆப்ஷன் வாங்கினார், எஃப்.பி.ஐ. என் வீட்டுக்கு வந்தது

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்:

"மருந்துக் கம்பெனி ஒன்றில் ஐ.டி. வேலை. கிரீன் கார்டு இருக்கிறது. போன வருடம் எங்கள் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பு, என் மகள் பிறந்தநாள் விருந்தில், 'ரெண்டு வாரமாத் தூக்கமே இல்ல, யாரோ வாங்க வராங்க போல, டேட்டா ரூம் செட் பண்ணச் சொல்லி உயிரை எடுக்கறாங்க' என்று மச்சினனிடம் புலம்பினேன். அவர் எனக்குத் தெரியாமல் கால் ஆப்ஷன் (பங்கு விலை ஏறினால் லாபம் தரும் ஒப்பந்தம்) வாங்கி 84,000 டாலர் சம்பாதித்திருக்கிறார். எனக்கு ஒரு சென்ட் வரவில்லை. பிறகு ஆபீஸில் ஒரு பெயர்ப் பட்டியல் கொடுத்து, தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். அவர் பெயர் இருந்தது. பயத்தில் 'யாரையும் தெரியாது' என்று கொடுத்துவிட்டேன். போன சனிக்கிழமை காலை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். மச்சினனோடு ஆறு மாதமாகப் பேச்சே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கார்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நேரில் போய் எல்லாவற்றையும் விளக்கிவிடலாமா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை அழித்துவிடலாமா? தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒருவர், 'எனக்கு ஆள் தெரியும், பேசி முடித்துத் தருகிறேன்' என்கிறார். நம்பலாமா?"

முதலில் ஒன்று. இத்தனையையும் எனக்கு எழுதியிருக்கக் கூடாது. நான் வக்கீல் தொழிலில் இருப்பவன்தான், ஆனால் உங்கள் வக்கீல் இல்லை. பத்தி எழுதுகிறவனுக்கு வரும் கடிதத்துக்கு வக்கீல்-கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பு உண்டென்று நம்பி இருக்காதீர்கள். அதற்காக அனுப்பிய மெயிலை இப்போது அழிக்கவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நேரில் போய் விளக்கலாமா? கூடாது. அந்தக் கார்டில் இருக்கும் நம்பருக்கு நீங்கள் கூப்பிடவே கூடாது.

நீங்கள் ஆப்ஷன் விவகாரத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வாசற்படியில் சொன்ன அந்த ஒரு வரிதான். ஆறு மாதமாகப் பேச்சில்லை என்றீர்கள். பிறந்தநாள் படங்கள் குரூப்பில் கிடக்கின்றன. அதிகாரிகள் வாசலில் நின்று கேட்டதைப் பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்வதில்லை. ஆபீஸுக்குப் போய் 302 என்ற படிவத்தில் எழுதி வைப்பார்கள். பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. ஃபெடரல், அதாவது மத்திய அரசு அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எதுவும் தேவையில்லை, உங்கள் வீட்டு வாசலே போதும்.

டி.வி. பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட்டின் கதையை எல்லோரும் தப்பாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்யும் இன்சைடர் டிரேடிங்குக்காக அவர் ஜெயிலுக்குப் போகவில்லை. கிரிமினல் வழக்கில் அந்தக் குற்றச்சாட்டே கிடையாது. சுமார் 45,000 டாலர் நஷ்டத்தைத் தவிர்த்த ஒரு விற்பனையைப் பற்றி விசாரித்தபோது பொய் சொன்னார், விசாரணையைத் தடுக்கப் பார்த்தார் என்றுதான் 2004இல் ஜூரி தீர்ப்பளித்தது. 5 மாதம் உள்ளே இருந்தார். "போய்ப் பேசிச் சரி செய்கிறேன்" என்று கிளம்புகிற ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் இதைச் சொல்கிறேன். பாதிப் பேர் அப்படியும் போகிறார்கள்.

அந்தப் பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கம்பெனி கைமாறும் அறிவிப்பு வந்ததும், அதற்கு முந்தைய வாரங்களில் யார் யார் லாபகரமாக வாங்கினார்கள் என்று ஃபின்ரா என்ற கண்காணிப்பு அமைப்பு சல்லடை போடும். அந்தப் பெயர்களைக் கம்பெனிக்கு அனுப்பி, டீல் தெரிந்திருந்தவர்களிடம் காட்டச் சொல்லும். வாழ்க்கையில் ஆப்ஷனே வாங்காத ஒருவர் திடீரென்று ஒரே கம்பெனியில் வாங்கினால் முதலில் கண்ணில் படுவது அவர்தான். நீங்கள் "தெரியாது" என்று கொடுத்ததை, மறைக்க ஏதோ இருந்தது என்பதற்கு அடையாளமாக அரசு வக்கீல் காட்டுவார். இதைத் திருத்த முடியுமா, எப்போது, எப்படி என்பதை உங்கள் வக்கீல் முடிவு செய்யட்டும். நாளைக் காலையில் எச்.ஆருக்கு மெயில் போட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் விஷயம். அழிக்காதீர்கள். ஃபெடரல் விசாரணைக்குக் குறுக்கே வரும் எண்ணத்தோடு பதிவை அழிப்பதற்கு 20 ஆண்டு வரை தண்டனை உண்டு. பங்கு மோசடிக்கு வழக்கமாகப் போடும் பிரிவிலும் அதிகபட்சம் அதே 20 ஆண்டுதான், பாருங்கள். தானாக மறையும் மெசேஜ் வசதி போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். நீங்கள் அழித்தாலும் மாமியார் போனில், சித்தப்பா போனில், குரூப்பில் இருக்கும் அத்தனை பேர் போனிலும் அது இருக்கும். அழித்தவர் நீங்கள் மட்டும் என்பதுதான் மிஞ்சும்.

இனி வழக்குக்கு வருவோம். இன்சைடர் டிரேடிங் என்றால் என்ன என்று எந்தச் சட்டத்திலும் நாடாளுமன்றம் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. 1934ஆம் ஆண்டுப் பங்குச் சந்தைச் சட்டத்தின் ஒரு பொதுவான மோசடிப் பிரிவையும் அதன் கீழ் வந்த ஒரு விதியையும் வைத்துக்கொண்டு, நீதிபதிகள் வழக்கு வழக்காகக் கட்டியதுதான் எல்லாம். இன்ன காரியம் குற்றமா இல்லையா என்பதற்கு 2014இல் நியூயார்க்கில் இருக்கும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதில் ஒரு பகுதியைத் தள்ளியது. ஐ.டி. வேலை பார்க்கிறவர் இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டுமாம்.

அந்த 2016 வழக்கு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும், ஏனென்றால் அதுவும் மச்சான் உறவுதான். சிட்டிகுரூப்பில் வேலை பார்த்த மாஹெர் காரா தன் அண்ணனிடம் டீல் விவரங்களைச் சொன்னார். அண்ணன் அதை மாஹெரின் மைத்துனர் பசாம் சல்மானுக்குக் கடத்தினார். ஒரு முறை அண்ணன் அவசரமாகக் கேட்டபோது மாஹெர் பணமே தருகிறேன் என்றார். பணம் வேண்டாம், தகவல் சொல் என்றார் அண்ணன். தம்பி சொன்னார். பங்கு வாங்கி விற்கும் உறவினருக்குத் தகவலைப் பரிசாகக் கொடுப்பதே சொன்னவர் அடைந்த ஆதாயம்தான் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதனால் "எனக்கு ஒரு சென்ட் வரவில்லை" என்ற வாதம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது வேறு. மச்சினன் பங்கு வாங்கட்டும் என்று சொன்னீர்களா, அல்லது தூக்கம் கெட்ட கோபத்தில் புலம்பினீர்களா? பரிசு கொடுப்பதற்கும் வாய் தவறுவதற்கும் இடையே சட்டத்தில் பெரிய தூரம் இருக்கிறது. அவர் வாங்குவார் என்று உங்களுக்குத் தெரியாது என்றால் அரசுத் தரப்பின் சங்கிலியில் முக்கியமான கண்ணி அறுகிறது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அவர்கள். ஆனால் இதை உங்கள் வாயால் சொல்லக் கூடாது, இப்போது சொல்லக் கூடாது. முதலில் ஒரு பொய் சொன்ன வாய் அது.

மனைவியிடம் சொன்னது வெளியே வருமா என்று பலரும் கேட்கிறார்கள், நீங்களும் நினைத்திருப்பீர்கள். கணவன் மனைவி தனியாக, நம்பிக்கையோடு பேசிக்கொண்டதற்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் "தனியாக" என்பதைக் கவனியுங்கள். சமையலறையில் பேசும்போது மாமியார் அடுப்பருகே நின்றிருந்தால் போச்சு. ஸ்பீக்கர் போனில் பேசி, அந்தப் பக்கம் மச்சினன் கேட்டிருந்தால் போச்சு. நீங்கள் அனுப்பிய மெசேஜை மனைவி தன் தம்பிக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால், அந்த மெசேஜைக் காப்பாற்றுவது கஷ்டம். பேச்சுக்குத்தான் பாதுகாப்பு, கண்ணால் பார்த்ததற்கு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து குற்றம் செய்யப் பேசினீர்கள் என்றால் அதற்கும் இல்லை. இது போக, மனைவி உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கலாம். அந்த உரிமை அவருடையது, உங்களுடையது அல்ல. அவர் சொல்ல விரும்பினால் நீங்கள் தடுக்க முடியாது. டெக்சாஸில் ஒருவர், வீட்டிலிருந்து வேலை பார்த்த மனைவியின் போன் பேச்சைக் கேட்டு, ஒரு டீலில் சுமார் 17 லட்சம் டாலர் லாபம் பார்த்தார். கம்பெனியில் போய்ச் சொன்னது மனைவியேதான். அவருக்கு வேலை போனது, விவாகரத்தும் கேட்டார். கணவருக்கு 2024இல் 2 ஆண்டு சிறை. ஆகவே இன்றிரவிலிருந்து இதைப் பற்றி வீட்டில் பேச்சு வேண்டாம்.

தமிழ்ச் சங்கத்து நண்பர். இவரைப் போன்றவர்களை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். விசா பேப்பர் எழுதிக் கொடுப்பார், டாக்ஸ் போடுவார், இப்போது எஃப்.பி.ஐ.யையும் பேசி முடிப்பாராம். அவரிடம் நீங்கள் சொல்வது எதற்கும் ரகசியப் பாதுகாப்பு இல்லை. அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். "கேஸ் முடிந்தால் இவ்வளவு" என்று யாராவது ரேட் பேசினால் கதவைச் சாத்துங்கள். கிரிமினல் வழக்கில் வெற்றிக்கு ஏற்ற கூலி வாங்க வக்கீல்களுக்கே அனுமதி கிடையாது.

அப்புறம், கம்பெனி வக்கீல். அன்பாகப் பேசுவார், காபி வாங்கித் தருவார். பேச்சின் தொடக்கத்தில் "நான் கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு அல்ல" என்று ஒரு வரி சொல்வார். மற்றவர்கள் அதைச் சடங்கு என்று தலையாட்டிவிட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். நீங்கள் சொன்னதை அரசிடம் கொடுப்பதா என்று முடிவு செய்வது கம்பெனி. கொடுத்து நல்ல பேர் வாங்கவே பார்க்கும்.

கிரிமினல் வழக்கு வராமலே போனாலும் எஸ்.இ.சி. என்ற பங்குச் சந்தை ஆணையம் தனியாக சிவில் வழக்குப் போடலாம். ஹெட்ஜ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் நடத்திய ராஜ் ராஜரத்தினம் இன்சைடர் டிரேடிங்குக்காக 11 ஆண்டு தண்டனை பெற்றது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தம்பி ரெங்கனை 2014 ஜூலையில் ஜூரி விடுதலை செய்தது பலருக்குத் தெரியாது. விடுதலையான பிறகும் எஸ்.இ.சி.யிடம் பணம் கட்டித்தான் அவர் விஷயத்தை முடித்தார். சிவில் அபராதம் லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை போகும். தகவல் சொன்னவரிடமும், வாங்கியவரின் லாபத்தை வைத்தே அதைக் கேட்கலாம். உங்கள் கணக்கில் 84,000 பெருக்கல் மூன்று. மச்சினன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வக்கீல் பார்க்கும்போது இரண்டு கேள்வி. ஃபெடரல் பங்கு வழக்குகளை நடத்தியவரா? டிராஃபிக் டிக்கெட், வீட்டுப் பத்திரம் பார்க்கிற வக்கீல் போதாது. உங்களிடம் இருப்பது கிரீன் கார்டு என்று முதல் நாளே சொன்னீர்களா? 10,000 டாலருக்கு மேல் பிறருக்கு நஷ்டம் ஏற்படுத்திய மோசடிக் குற்றம் குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்தும் அளவுக்குக் கனமானது. பங்கு லாபத்தை நஷ்டமாகக் கணக்கிடலாமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. அதனால் அரசோடு செய்யும் சமரசத்தில் எந்தப் பிரிவு, எந்த வார்த்தை என்பதைப் பொறுத்து உங்கள் கார்டு இருக்கும் அல்லது போகும். இதைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இருந்தும் கேட்டால்தான் சொல்கிறார்கள். மச்சினனுக்கு வேறு வக்கீல், உங்களுக்கு வேறு வக்கீல். செலவு மிச்சம் என்று ஒருவரையே வைக்காதீர்கள். நாளைக்கு அவர் உங்களைக் காட்டிக் கொடுத்தால்தான் அவருக்கு நல்லது என்ற நிலை வரலாம்.

கடைசியில் தீபாவளிக்கு மச்சினன் வீட்டுக்கு டல்லாஸ் போக டிக்கெட் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதையும் வக்கீலிடம் கேளுங்கள். போகச் சொன்னால் போங்கள், பலகாரம் சாப்பிடுங்கள். இந்தப் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து பட்டாசு கொளுத்தப் போய்விடுங்கள்.