சோனி ஏ7சி 2 வாங்கலாமா? லென்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. கூடவே 18-55, 55-250, 50 மி.மீ. எஃப் 1.8 என மூன்று லென்ஸ்கள். பை கனமாக இருப்பதால் இரண்டு வருடமாக அலமாரியிலேயே கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் போன்தான். தை மாதம் மகளுக்குச் சலங்கை பூஜை. அதற்குள் சின்னதாக ஒரு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) வாங்க நினைக்கிறேன். சோனி ஏ7சி 2 மீது ஆசை. ஆனால் கேனான் ஆர்8, ஃபுஜி எக்ஸ்-டி50, சோனி ஏ6700 என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பட்ஜெட் 2 லட்சம், மிஞ்சினால் இரண்டரை. கண்ணாடி போடுபவன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எடிட் செய்ய நேரம் கிடைப்பதில்லை. எதை வாங்கலாம்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: உங்கள் 1500டி-யின் எடை பேட்டரியோடு 475 கிராம். நீங்கள் ஆசைப்படும் ஏ7சி 2-வின் எடை 514 கிராம். அதாவது புதிய கேமரா பழையதைவிடக் கனம்! உயரம் 10 சென்டிமீட்டரிலிருந்து 7 சென்டிமீட்டராகக் குறையும், முன்பக்கப் புடைப்பும் குறையும். பையில் அடங்குவதற்கு அது பெரிய உதவிதான். ஆனால் தோளில் உறுத்துவது கேமரா அல்ல. மூன்று லென்ஸையும் சேர்த்து நிறுத்தால் உங்கள் பை 1,200 கிராமைத் தொடும். எனவே எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) என்று யோசிப்பதற்கு முன், அதன் முகத்தில் எந்த லென்ஸ் உட்காரப்போகிறது என்று யோசியுங்கள். சின்ன கேமராவின் அளவு, எடை, விலை, இருட்டில் அது எப்படிப் படம் எடுக்கும் என்பது எல்லாமே அங்கேதான் முடிவாகிறது.

முதலில் ஏ7சி 2. 2023 ஆகஸ்டில் சோனி அறிவித்த கேமரா. 33 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில், படத்தைப் பதிவு செய்யும் சில்லு), பாடிக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் ஸ்டெபிலைசேஷன், ஆளையும் கண்ணையும் விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ், ஒரே சார்ஜில் 500 படத்துக்கு மேல் தாங்கும் பெரிய பேட்டரி. இவ்வளவையும் இந்த அளவுக்குள் அடக்கியது உண்மையிலேயே சாதனை. குறைகளும் உண்டு. கார்டு போட ஒரே இடம்தான். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் சுமார். ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் கிடையாது. 4கே வீடியோவை 60 ஃபிரேமில் எடுத்தால் ஓரங்கள் வெட்டுப்படும். உங்கள் தேவைக்கு இவற்றில் எதுவும் பெரிய தடை இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் பாடி விலையே 2 லட்சத்துக்கு மேல்தான் அறிமுகமானது. அதை வாங்கிய பிறகு உங்கள் பட்ஜெட்டில் மிஞ்சுவது கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸுக்குத்தான் போதும். அந்த 28-60 மி.மீ. லென்ஸ் வெறும் 167 கிராம். கேமராவோடு சேர்த்து 681 கிராம், கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அதன் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 4-ல் தொடங்கி, 60 மி.மீ. வரும்போது எஃப் 5.6 ஆகிவிடும். எஃப் எண் கூடக்கூடத் துளை சின்னதாகும்.

இதைச் சலங்கை பூஜை மேடையில் வைத்துப் பாருங்கள். குழந்தை தட்டடவு போடும்போது கால் மங்காமல் விழ ஷட்டர் வேகம் குறைந்தது 1/250 நொடி வேண்டும். குதிக்கும் அடவு என்றால் 1/500. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும், ஆடுகிற காலை நிறுத்தாது. அந்த மேடை வெளிச்சத்தில் எஃப் 2.8 லென்ஸில் 1/250 வைத்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும்) 1600 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மேடை, அதே வேகம், ஆனால் எஃப் 5.6 என்றால் ஐஎஸ்ஓ 6400-க்குப் போக வேண்டும். இரண்டு ஸ்டாப் நஷ்டம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு, அதைவிடச் சின்ன வகையான ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல சுமார் இரண்டேகால் மடங்கு, அதனால் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆக, ஃபுல் ஃபிரேமில் மெதுவான கிட் லென்ஸைப் போடுபவரைவிட, ஏபிஎஸ்-சியில் எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவரின் படம் இரைச்சல் குறைவாக வரும். “ஃபுல் ஃபிரேம் என்றால் இருட்டில் சூப்பர்” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

அப்போ ஏ7சி 2-வுக்கும் நல்ல எஃப் 2.8 ஜூம் போடலாமே என்றால், தாராளமாகப் போடலாம். டாம்ரான் 28-75 நல்ல லென்ஸ்தான், 540 கிராம். மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டிவிடும், பட்ஜெட்டும் கைமீறும். இரண்டு வருடமாக எந்தக் காரணத்துக்காக 1500டி அலமாரியில் கிடந்ததோ, அதே காரணம் திரும்பி வரும்.

இதே கணக்கை ஏ6700-க்குப் போடுவோம். 2023 ஜூலையில் வந்தது. 26 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், 493 கிராம். ஏ7சி 2-வில் இருக்கும் அதே பேட்டரி, அதே தலைமுறை ஆட்டோஃபோகஸ். வியூஃபைண்டரும் கிட்டத்தட்ட அதேதான். இதற்கு சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8 என்று ஒரு லென்ஸ் இருக்கிறது. 290 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும். சின்ன சென்சாரில் காட்சி ஒன்றரை மடங்கு நெருக்கமாகத் தெரியும், அதனால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் இது 27-75 மி.மீ. என்பதால் கல்யாண வீடு, கோயில் கோபுரம், குடும்பக் குரூப் போட்டோ எல்லாம் இதற்குள் முடிந்துவிடும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இல்லை என்றாலும் பாடியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 783 கிராம். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஏ7சி 2 பாடி 2,200 டாலர், ஏ6700 பாடி 1,400 டாலர். அந்த இடைவெளியில் சிக்மா லென்ஸை வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். இங்கே ரூபாய் விலை பண்டிகை ஆஃபருக்கு ஏற்ப ஏறி இறங்கும், ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

மிச்சப் பணத்தில் சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 வாங்குங்கள். உங்கள் மகளுக்காக நான் அழுத்திச் சொல்வது இந்த லென்ஸைத்தான். எடை 280 கிராம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 84 மி.மீ., அதாவது அரங்கின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முகபாவமும் கை முத்திரையும் ஒரு ஃபிரேமுக்குள் வரும். எஃப் 2.8-க்கு ஐஎஸ்ஓ 3200 கேட்கும் மேடையில் இதற்கு 800 போதும். ஏ7சி 2-வில் சோனியின் 85 மி.மீ. எஃப் 1.8 போட்டால் இதைவிட அரை ஸ்டாப் போல சுத்தமாக வரும், மறுக்கவில்லை. அந்த அரை ஸ்டாப்புக்கு நூறு கிராமும் பெரிய தொகையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பின்வரிசையில் இடம் கிடைத்து படத்தை வெட்டிப் பெரிதாக்க வேண்டி வந்தால் ஏ6700 பக்கம் இன்னொரு சாதகம்: ஏ7சி 2-வை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் கையில் மிஞ்சுவது 14 மெகாபிக்சல்தான்.

கேனான் ஆர்8 உங்களுக்குக் கண்ணில் படுவது இயல்பு. ஏற்கெனவே கேனான் லென்ஸ்கள் இருக்கின்றன, ஃபுல் ஃபிரேம், 461 கிராம்தான். ஆனால் உங்கள் மூன்று லென்ஸில் அதற்கு முழுதாகப் பொருந்துவது 50 மி.மீ. மட்டுமே, அதுவும் அடாப்டர் போட்டு. மற்ற இரண்டும் ஏபிஎஸ்-சிக்காகச் செய்தவை. அவற்றை மாட்டினால் 24 மெகாபிக்சல் படம் சுமார் 9.3 மெகாபிக்சலுக்குச் சுருங்கிவிடும். பாடியில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, 50 மி.மீ. லென்ஸிலும் கிடையாது. பேட்டரி சின்னது, ஒரு சார்ஜில் 300 படம்கூட உத்தரவாதம் இல்லை. விசேஷ நாளில் குறைந்தது இரண்டு கூடுதல் பேட்டரி வேண்டும். அப்புறம், 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கேனான் கதவைத் திறந்தது ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு மட்டும்தான். ஆர்8-க்குக் கையடக்கமான, வேகமான, விலை குறைந்த ஜூம் தேடினால் அலைய வேண்டியிருக்கும். வீடியோதான் பிரதானம் என்றால் என் பதில் மாறியிருக்கும். ஓரம் வெட்டாமல் 60 ஃபிரேம் 4கே தருவதில் ஆர்8 நன்றாகவே செய்கிறது.

எக்ஸ்-டி50 விஷயத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். எடிட் செய்ய நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு ஃபுஜியைப் போல உதவும் கேமரா குறைவு. மேலேயே ஃபிலிம் சிமுலேஷனுக்கு (பழைய ஃபிலிம் ரோல்களின் நிறத்தைக் கொண்டுவரும் வசதி) என்று தனி டயல். திருப்பினால் நிறத்தின் குணமே மாறும், வருகிற ஜேபெக்கை அப்படியே ஆல்பத்துக்கு அனுப்பலாம். 40 மெகாபிக்சல், பாடியில் ஸ்டெபிலைசேஷன், எடை 438 கிராம். ஊர் சுற்றவும், மனிதர்களை நிதானமாக எடுக்கவும் மட்டும் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் ஆடும் குழந்தையைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸில் சோனி ஒரு படி மேலே. எக்ஸ்-டி50-க்குத் தூசி, ஈரம் தாங்கும் சீலிங் இல்லை, குற்றாலச் சாரலில் வெளியே எடுக்கத் தயங்குவீர்கள். வியூஃபைண்டர் இன்னொரு இடைஞ்சல். சோனி இரண்டிலும் ஆர்8-லும் உருப்பெருக்கம் 0.70, இதில் 0.62, அதாவது காட்சி கொஞ்சம் சின்னதாகத் தெரியும். கடையில் கண்ணாடியோடு கண் வைத்துப் பாருங்கள், நான்கு மூலையும் தெரிகிறதா என்று. எண்ணைவிட அதுதான் பேசும்.

இன்னும் மெல்லியதாக பானாசோனிக் எஸ்9 இருக்கிறதே என்று யாராவது சொன்னால், மேடைக்கு அது வேண்டாம். வியூஃபைண்டர் கிடையாது, மெக்கானிக்கல் ஷட்டரும் கிடையாது. எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. எல்இடி விளக்குகளோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கின்றன. இரண்டும் சேரும்போது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஏ6700-லும் இதே எச்சரிக்கை உண்டு. சத்தம் வரக்கூடாது என்று சைலன்ட் மோடுக்குப் போகாதீர்கள், மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வையுங்கள். மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

ஏ7சி 2 ஆசையை முழுக்க அணைத்துவிட வேண்டியதில்லை. ஜூமே வேண்டாம், 40 மி.மீ. எஃப் 2.5 போல 173 கிராம் பிரைம் லென்ஸ் ஒன்றோடு ஊரெல்லாம் சுற்றுவேன், மேடைக்கு 85 ஒன்று வாங்கிக்கொள்வேன் என்பவருக்கு அது அருமையான கேமரா. நீங்கள் அந்த ரகமா என்பதை இன்றே தெரிந்துகொள்ளலாம். 1500டி-யில் எடுத்த பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றும் எந்த ஃபோகல் லெங்த்தில் (லென்ஸின் மி.மீ. அளவு) எடுத்தது என்று பாருங்கள், ஃபைல் விவரத்திலேயே பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 50 மி.மீ. லென்ஸில் எடுத்தவை என்றால் நீங்கள் பிரைம் ஆள், ஏ7சி 2-வைப் பற்றி யோசிக்கலாம். 18-லிருந்து 55 வரை சிதறிக் கிடந்தால் ஏ6700-ம் சிக்மா ஜூமும்தான்.

கடைக்குப் போகும்போது இரண்டு விஷயம். பாடியை மட்டும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், வாங்கப்போகும் லென்ஸை மாட்டித் தரச் சொல்லி ஐந்து நிமிடம் ஒரே கையில் பிடியுங்கள். இந்தச் சின்ன பாடிகளில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, சிலருக்கு அது பழகும், சிலருக்குக் கை வலிக்கும். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து யாராவது மலிவாக வாங்கி வருகிறேன் என்றால் ஜப்பான் வேண்டாம். அங்கே உள்நாட்டுக்கு விற்கும் சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும், மாற்ற முடியாது. வேறு நாடு என்றாலும் இந்திய வாரண்டி செல்லுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

1500டி-யை உடனே விற்காதீர்கள், அதற்குப் பெரிய விலை வராது. 55-250 லென்ஸோடு வீட்டிலேயே இருக்கட்டும், பறவை பார்க்கவாவது உதவும். ஆனால் அலமாரியில் துணியோடு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

வாங்குவதை மார்கழி கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம். ஒரு மாதம் முன்னதாக வாங்கி, மகளின் டான்ஸ் வகுப்புக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ, ஃபோகஸ் தொடர் மோடில், கண்ணைப் பிடிக்கும் வசதி ஆனில். மேடையில் சிவப்பு, நீல விளக்கு முகத்தில் அடித்தால் நிறம் வெடித்துவிடும், எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து வையுங்கள். எடிட் செய்ய நேரமில்லை என்றாலும் அன்று ஒரு நாள் மட்டும் ஜேபெக்கோடு ராவும் (சென்சார் பதிவு செய்த மூல ஃபைல்) சேர்த்துப் பதிவு செய்யுங்கள். நிறம் தப்பிய படத்தை மீட்க அது ஒன்றுதான் வழி.